கோச்சைக் கலைப்பதற்கு முதல் அந்தக் கோர்னரைப் பாருங்கள்

தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னுக்கு நின்ற எங்கள் உதைபந்தாட்ட அணி கடைசியில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றுப்போனது. கோச் பத்தாம் இலக்கக்காரனை வெளியே எடுத்து ஒரு பின்கள வீரரை இறக்கினார், அந்த நிமிடமே கோல் விழுந்தது. பிறகு ஸ்டொப்பரை, அதுதான் நடுப் பின்கள வீரரை, முன்னுக்கு அனுப்பினார், அடுத்த கோலும் விழுந்தது. இரண்டும் விசர் முடிவு என்று ஊரில் பாதிப்பேர் சொல்கிறார்கள். பொதுக்கூட்டத்தில் ஆளை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறார்கள். நீங்கள் இருபது வருஷம் பெடியளைப் பழக்கினவர், என்ன சொல்கிறீர்கள்?"

சுருக்கமான பதில் வேண்டுமென்றால், முதல் முடிவு சரி, அதைச் செய்த நேரம் பிழை. இரண்டாவது முடிவு பிழை, ஆனால் தேத்தண்ணிக் கடையில் சொல்கிற காரணத்துக்காக இல்லை. ஆளைக் கலைக்கிற அளவுக்கு இரண்டிலும் ஒன்றும் இல்லை. நீண்ட பதில் வேண்டுமென்றால் இருந்து வாசி. இந்த மாட்சைப் பற்றிக் கதைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெயிலுக்குப் பயந்து வேப்பமரத்தடியில் நின்றவர்கள். நான் இரண்டாவது பாதி முழுக்க எங்கள் கோலுக்குப் பின்னால் நின்றேன், இரண்டு கோலும் எனக்கு முன்னால் பத்து மீற்றருக்குள்தான் விழுந்தன.

முதலில் காற்று. அதை ஒருவரும் கதைக்கிறார்கள் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆடி மாதச் சோளகம் வன்னியில் எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலமை இலைகூட அசையாது, வெயில் ஏறினபிறகு எழும்பினால் பொழுதுபடும்வரை தென்மேற்கிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும், கிரவல் மைதானம் என்றால் புழுதியையும் வாரிக்கொண்டு வரும். அந்த மைதானம் தெற்கு வடக்காகக் கிடக்கிறது. நாணயச் சுழற்சியில் வென்ற எங்கள் தலைவர் முதல் பாதிக்குக் காற்றை முதுகில் எடுத்தார். அப்படியென்றால் 35 நிமிடம் காற்றோடு விளையாடி நாங்கள் அடித்தது ஒரே ஒரு கோல், அதுவும் அவர்களின் கோல்காப்பாளர் கைக்கு வந்து நழுவின பந்து. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும் எங்கள் கோல்காப்பாளர் உதைத்த பந்து நடுக்கோட்டைத் தொடாமல் மேலே நின்று யோசித்துவிட்டுக் கீழே விழுந்ததைப் பார்த்திருப்பாய். முதல் பாதியில் அதே பெடியன் அதே உதையில் பந்தை அவர்களின் பெனால்டிப் பெட்டிவரை அனுப்பினவன். பலகையில் 1–0 முன்னிலை, ஆனால் காற்றைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் எங்களுக்கு அது சமநிலையை விடக் கொஞ்சம் மோசம். கோச் அந்தக் கணக்கைத்தான் போட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பத்தாம் இலக்கம். அவன்மேல் ஊருக்கு இருக்கிற பாசம் எனக்கும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, பிறகு கொடுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன். ஆனால் சனிக்கிழமை இரவு அவன் கடலுக்குப் போனவன். விடியக் கரைக்கு வந்து, வலையைத் தட்டி மீனைக் கொடுத்துவிட்டு, ஒரு மூன்று மணித்தியாலம் படுத்திருப்பான், அவ்வளவுதான். இது கோச்சுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவன் வீட்டுக்குத் தெரியும். வேப்பமரத்தடிக்குத் தெரியாது. இரண்டாவது பாதி தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் இரண்டு தடவை கெண்டைக்கால் சதையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பந்து எங்களிடம் இருந்தபோது பரவாயில்லை, நின்ற இடத்தில் நின்று கொடுத்தான். பந்து போனபிறகு அவன் நடந்து திரும்பினான். அந்த இடைவெளிக்குள்ளால்தான் அவர்களின் இடதுபக்கப் பெடியன் மூன்று தடவை எங்கள் பெட்டிவரை ஓடி வந்தான். காற்றுக்கு எதிராக, ஒரு கோல் முன்னுக்கு நிற்கிறபோது, நடுக்களத்தில் நடக்கிற ஒருவரை 70ஆவது நிமிடம்வரை வைத்திருப்பது எந்தப் பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் சரி வராது. நானாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் முந்தியே எடுத்திருப்பேன்.

கடையில் ஒரு அண்ணர் 2006 உலகக் கிண்ணத்தை இழுத்தாராம். "பெக்கர்மன் ரிக்கெல்மேயை எடுத்து ஆர்ஜென்டீனாவை அழித்த மாதிரி" என்றாராம். பெக்கர்மன் அப்போது ஆர்ஜென்டீனாவின் கோச், ரிக்கெல்மே அவர்களின் பத்தாம் இலக்கம். உதாரணம் நல்லது, அண்ணர் எடுத்த முடிவுதான் கொஞ்சம் அவசரம். அந்தக் காலிறுதியை நானும் பார்த்தேன், ஜெனரேட்டரில் ஓடின ஒரு ரீவிப் பெட்டியில், நாற்பது ஐம்பது பேர் நெருங்கியிருந்து, எங்கள் நேரம் இரவு எட்டரைக்கு. அயாலா 49ஆவது நிமிடத்தில் தலையால் அடித்து ஜேர்மனிக்கு எதிராக ஆர்ஜென்டீனா முன்னுக்கு நின்றது. 71ஆவது நிமிடத்தில் கோல்காப்பாளர் அபொண்டான்சியேரி காயப்பட்டு வெளியே போக வேண்டி வந்தது. அந்தக் காலத்தில் ஒரு அணிக்கு மூன்றே மூன்று மாற்று வீரர்தான், அதில் ஒன்று அப்படிப் போய்விட்டது. அடுத்த நிமிடம் ரிக்கெல்மேயை எடுத்துக் கம்பியாசோவை இறக்கினார். 79இல் கிரெஸ்போவை எடுத்து ஜூலியோ குரூஸை இறக்கினார். 80இல் குளோசே தலையால் சமப்படுத்தினார். மூன்று மாற்றும் முடிந்துவிட்டது, பத்தொன்பது வயது மெஸ்ஸி கதிரையில் இருந்தபடியே மாட்ச் முடிந்தது. பெனால்டியில் ஜேர்மனியின் கோல்காப்பாளர் லேமன் சப்பாத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து எடுத்துப் பார்த்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆர்ஜென்டீனாக்காரர் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று எழுதின காகிதம். அதில் பெயர் இருந்த ரிக்கெல்மேயும் கிரெஸ்போவும் அந்த நேரம் வெளியே. அயாலா அடித்ததையும் கம்பியாசோ அடித்ததையும் லேமன் தடுத்தார், 4–2.

பெக்கர்மன் பட்ட அடி ரிக்கெல்மேயை எடுத்ததால் மட்டும் வந்ததில்லை. கோல்காப்பாளர் போனபிறகு கையில் இரண்டே மாற்று இருக்கிறபோது, இருபது நிமிடம் முழுக்கக் காக்கலாம் என்று நம்பி இரண்டையும் செலவழித்து, சமப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எங்கள் கோச்சிடம் அப்போது இன்னும் நான்கு மாற்று இருந்தது. ரிக்கெல்மே அன்று முதல்நாள் இரவு கடலுக்குப் போய் வந்தவருமில்லை. ஆகவே அந்த ஒப்பீடு பாதிவரைக்கும்தான் வரும்.

சரி, இப்போது அந்தக் கோர்னர். இதை மட்டும் வடிவாக வாசி, மற்றதெல்லாம் விட்டாலும் பரவாயில்லை.

48ஆவது நிமிடம். கோச் மாற்று வீரரைக் கோட்டருகில் கொண்டுவந்து நிறுத்தி ஒரு நிமிடத்துக்கு மேல். பந்து வெளியே போகவில்லை. கடைசியில் எங்கள் வலதுபக்கப் பின்கள வீரர் பந்தை எங்கள் கோல் கோட்டுக்கு வெளியே தட்டினார், அது அவர்களுக்குக் கோர்னர், மூலையிலிருந்து உதை. மத்தியஸ்தர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், கோச் கையைக் காட்டினார், மாற்று நடந்தது. பத்தாம் இலக்கம் நொண்டிக்கொண்டு வெளியே வர, மற்றப் பெடியன் உள்ளே ஓடினான். எங்கே ஓடினான்? பெட்டிக்கு நடுவே, இரண்டு ஸ்டொப்பருக்கும் பக்கத்தில். பயிற்சியில் அவன் நிற்கிற இடம் அது, அவன்மேல் பிழை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் அணியில் கோர்னர் வரும்போது கிட்டக் கம்பத்தை, அதாவது பந்து வருகிற பக்கத்துக் கோல்கம்பத்தை, பிடிக்கிறவன் பத்தாம் இலக்கம். உயரம் குறைவு, தலையடிக்கு உதவமாட்டான், அதனால் அவனைக் கம்பத்தில் நிறுத்துவது இந்தப் பருவம் முழுக்க வழக்கம். அவன் வெளியே போனதும் அந்தக் கம்பத்தில் ஆள் இல்லை. நான் கோலுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன், என் முன்னாலிருந்த வலைக்கு அப்பால் வெறும் கம்பம். கத்தினேன், காற்றில் யாருக்குக் கேட்கும். பந்து தாழ்வாகக் கிட்டக் கம்பத்துக்கு வந்தது, அவர்களின் ஒன்பதாம் இலக்கத்தின் தோளில் பட்டு உள்ளே போனது. அவன் அடிக்கக்கூட இல்லை.

ஆகவே "பத்தாம் இலக்கம் நின்றிருந்தால் கோல் விழுந்திருக்காது" என்று கடையில் கத்துகிறவர்கள் சொல்வது உண்மை. அவர்கள் நினைக்கிற காரணம் வேறு. அவன் நடுக்களத்தில் பந்தைப் பிடித்து வைத்திருப்பான் என்று நினைக்கிறார்கள். அவன் அந்தக் கம்பத்தில் நொண்டிக்கொண்டாவது நின்றிருந்தால் பந்து அவன் முழங்காலில் பட்டு வெளியே போயிருக்கும், அவ்வளவே.

பழைய கோச்மார் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழக்கம் இருக்கிறது: எதிரணிக்குக் கோர்னரோ பெட்டிக்குக் கிட்ட ஃப்ரீகிக்கோ கிடைத்திருக்கிறபோது, காயம் என்றால் ஒழிய, பின்களத்தில் ஆளை மாற்றாதே. விதி தடுக்காது, பந்து ஓட்டத்தில் இல்லாத எந்த நேரத்திலும் மத்தியஸ்தர் விட்டால் மாற்றலாம். ஆனால் கோர்னருக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு இடமோ ஒரு ஆளோ சொல்லிக்கொடுத்திருக்கும், வெளியே போகிறவன் அந்த வேலையையும் கொண்டு போய்விடுவான். உள்ளே வருகிறவனுக்கு உடம்பு சூடாகவில்லை, காற்று எப்படித் தள்ளுகிறது என்று தெரியாது, யாரைப் பிடிப்பது என்று கேட்கவும் நேரமில்லை. இருபது விநாடி பொறுத்திருந்தால் போதும், கோர்னரை எடுத்து முடித்தபிறகு மாற்றியிருக்கலாம். அல்லது மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் "நீ கிட்டக் கம்பத்துக்குப் போ" என்று காதில் நாலு சொல். கோச் ஏன் அதைச் சொல்லவில்லை என்று அன்று பின்னேரமே கேட்டேன். அவர் மறைக்கவில்லை, "மறந்துபோனேன் அண்ணை, அவன் விழுந்துவிடுவான் என்ற பயத்தில் எப்போது வெளியே எடுப்பது என்று மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது" என்றார். அன்று எங்கள் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலும் ஒரு பையும்தான் இருந்தன. உதவிக் கோச் என்று கழகத்தில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை.

இதை வைத்துத்தான் சொல்கிறேன், ஊரில் இப்போது நடக்கிற இரண்டு கட்சிச் சண்டை பிழையான இடத்தில் நடக்கிறது. ஒரு கட்சி "துணிஞ்ச ஆள், அடிபட்டுப் போனார்" என்கிறது. மற்றக் கட்சி "பயந்த ஆள், பின்னுக்கு இழுத்துக் கெடுத்தார்" என்கிறது. வென்றிருந்தால் இரண்டு கட்சியும் ஒரே கதையாகத்தான் கதைத்திருக்கும், பத்தாம் இலக்கத்தைச் சரியான நேரத்தில் எடுத்த புத்திசாலி என்று.

நம்பாவிட்டால் 2022 உலகக் கிண்ணத்தில் போர்த்துக்கல்லை எடுத்துப் பார். சுவிட்சர்லாந்துடனான மாட்சுக்கு அவர்களின் கோச் பெர்னான்டோ சான்டோஸ் ரொனால்டோவை வெளியே இருத்தினார். எங்களுக்கு அது நள்ளிரவு தாண்டி, நித்திரை முழித்துப் பார்த்தவர்கள் தொடக்கத்தில் கொதித்தார்கள். அவருக்குப் பதிலாக வந்த கொன்சாலோ ராமோஸ் மூன்று கோல் அடித்தார், 6–1. விடிய எல்லாரும் சான்டோஸைத் தலையில் தூக்கி வைத்தார்கள். நாலாம் நாள் மொரோக்கோவுடன் காலிறுதி, அதே முடிவு, ரொனால்டோ வெளியே, ராமோஸ் உள்ளே. 42ஆவது நிமிடத்தில் மொரோக்கோவின் என்-நெசிரி மேலே எழும்பித் தலையால் அடித்தார், 0–1. ரொனால்டோவை 51இல் இறக்கியும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது அதே சனம், அதே வாய், "ரொனால்டோவை வெளியே இருத்துகிறவன் கோச்சா?" அந்த வாரம் முடிய முதல் சான்டோஸ் பதவியிலிருந்தும் போய்விட்டார். முடிவு ஒன்று, ஆள் ஒருவர், விளைவு இரண்டு. அந்த முடிவு சரியா பிழையா என்பது மொரோக்கோக்காரன் எவ்வளவு உயரத்துக்குத் துள்ளினான் என்பதை வைத்து மாறுமென்றால், அதை முடிவைப் பற்றின விவாதம் என்று எப்படிச் சொல்வது?

மறுபக்கமும் இருக்கிறது. அதே உலகக் கிண்ணத்தின் இறுதி. ஆர்ஜென்டீனாவுக்கு எதிராகப் பிரான்ஸ் இரண்டு கோல் பின்னுக்கு. பிரான்ஸ் கோச் தெஷாம்ப் இடைவேளைவரைக்கும்கூடப் பொறுக்காமல் 41ஆவது நிமிடத்தில் ஜிரூவையும் டெம்பெலேயையும் ஒரேயடியாக வெளியே எடுத்தார். உலகக் கிண்ண இறுதியில், முதல் பாதியில், காயமில்லாத இரண்டு முன்கள வீரர்களை. அதைவிடப் பெரிய துணிச்சல் என்ன இருக்கிறது? அப்போது இறங்கின கோலோ முவானியை விழுத்தினதால்தான் பிரான்ஸுக்கு முதல் பெனால்டி கிடைத்தது, எம்பாப்பேயின் இரண்டாவது கோலுக்குப் பந்து கொடுத்தது அப்போது இறங்கின துராம். 80இலும் 81இலும் அடித்துச் சமப்படுத்தினார்கள். பிறகு 3–3 ஆகிப் பெனால்டியில் தோற்றார்கள். தோற்ற கோச்தான், ஆனாலும் அந்த மாற்றத்தைப் பிழை என்று சொல்கிறவரை நான் இன்னும் காணவில்லை. தோல்வியிலும் ஒரு முடிவு சரியாக இருக்கலாம் என்று பிரான்ஸுக்கு விட்டுக்கொடுக்கிற எங்கள் சனம் சொந்த ஊர்க் கோச்சுக்கு மட்டும் விட்டுக்கொடுக்காது. நான் ஆர்ஜென்டீனா ஆள், ஆகவே பிரான்ஸைப் புகழ்வது எனக்கும் லேசில்லை.

இனி இரண்டாவது முடிவு. இங்கே நான் கோச் பக்கம் இல்லை.

62ஆவது நிமிடம், 1–1, இன்னும் எட்டு நிமிடம். சமப்பட்டால் மேலதிக நேரம் இல்லை, நேரே பெனால்டி. எங்கள் வழமையான கோல்காப்பாளர் விரல் முறிந்து வீட்டில், நிற்கிறவன் பதினேழு வயது. பெனால்டிக்குப் போனால் தோல்வி என்று கோச் நினைத்தார். அந்த நினைப்பே எனக்குச் சம்மதமில்லை, பதினேழு வயதுப் பெடியன் பெனால்டியில் ஆடிப்போக வேண்டும் என்று சட்டமில்லை, அடிக்கிறவனுக்கும் கால் நடுங்கும். சரி, அதை விடுவோம். பெரிய ஸ்டொப்பரை முன்னுக்கு அனுப்பி, பின்னாலிருந்து உயரப் பந்து போடச் சொன்னார். உயரமான ஆள், தலையடி நல்லது, காற்றில்லாத நாளில் நானும் இதைச் செய்திருப்பேன். ஆனால் காற்றுக்கு எதிராக உயரப் பந்து என்ன செய்யும் என்று மேலேயே சொன்னேன். மேலே போய் நின்று, முன்னுக்குப் போகாமல், நடுக்களத்தில் விழும். நாலு தடவை போட்டார்கள், நாலு தடவையும் ஸ்டொப்பர் திரும்பிப் பின்னுக்கு ஓடிவந்து தலையடிக்க வேண்டியிருந்தது. நாலாவது தடவை பந்து அவர்களின் காலுக்குப் போனது. ஸ்டொப்பர் விட்டு வந்த இடத்துக்கு நடுக்களத்திலிருந்து ஒருவர் இறங்கி நிற்க வேண்டும், ஒருவரும் இறங்கவில்லை. ஆறாம் இலக்கம் எட்டாம் இலக்கத்தைப் பார்த்தான், எட்டு ஆறைப் பார்த்தது. காற்று முதுகில் இருக்கிறவனுக்கு நாற்பது மீற்றர் திறந்த மைதானம் கிடைத்தால் வேறென்ன வேண்டும்.

நான் பிழை என்று சொல்வது ஆளை முன்னுக்கு அனுப்பின துணிச்சலை இல்லை. அதைப் பயிற்சியில் ஒரு நாளாவது செய்து பார்த்தார்களா என்று கேட்டேன், இல்லை. ஸ்டொப்பர் போனால் யார் இறங்குவது என்று ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் காற்றுக்குத் தேவை உயரப் பந்தும் இல்லை. களைக்காத ஒரு ஆளை இறக்கி, ஓரத்தில் நிலத்தோடு பந்தை உருட்டிக்கொண்டு போய், ஒரு கோர்னரோ ஃப்ரீகிக்கோ எடுத்திருக்கலாம். கதிரையில் இரண்டு வேகமான பெடியள் இருந்தார்கள்.

பழக்கிவைத்த துணிச்சல் எப்படி இருக்கும் என்று பார்க்க 2014 உலகக் கிண்ணம் போதும். நெதர்லாந்து, கொஸ்டாரிக்கா காலிறுதி, 120 நிமிடம் முடிகிறது, 0–0. நெதர்லாந்துக் கோச் வான் கால், தன் கோல்காப்பாளர் சில்லெசனை வெளியே எடுத்து, அந்த உலகக் கிண்ணத்தில் ஒரு நிமிடம்கூட விளையாடாத டிம் குருலை இறக்கினார். விடியப்புறம் நாலு மணி இருக்கும், எங்கள் வீட்டில் விழித்திருந்தது நானும் நாயும்தான், நான் எழும்பி நின்றுவிட்டேன். குருல் ஐந்து உதைக்கும் சரியான பக்கம் பாய்ந்தார், இரண்டைத் தடுத்தார், 4–3. பார்க்கிறவனுக்கு அது சூதாட்டம். ஆனால் குருலுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள், எதிரணியில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று அவர் படித்து வைத்திருந்தார். சில்லெசனுக்குத்தான் சொல்லவில்லை, மாட்ச் நேரம் அவர் மனம் கலங்கக்கூடாது என்று. சில்லெசன் வெளியே வருகிறபோது கோபத்தில் ஒரு போத்தலை உதைத்தது வேறு கதை. அடுத்த அரையிறுதியில் ஆர்ஜென்டீனாவுடனும் 0–0, அதற்குள் மூன்று மாற்றையும் முடித்துவிட்டார், குருல் கதிரையில் இருக்க சில்லெசன் நின்றார், ஒன்றையும் தடுக்கவில்லை, 2–4. அதே வான் காலை அடுத்த நாள் "குருலுக்கு ஒன்றை மிச்சம் வைக்கத் தெரியாதா" என்று திட்டினார்கள். ஆனால் அந்த மூன்றில் கடைசியை அவர் செலவழித்தது மேலதிக நேரத்தில் வான் பேர்சியை எடுக்க. வென்று முடிக்கப் பார்த்தார், சரிவரவில்லை.

இன்னொரு விஷயம், இது உனக்குக் கொஞ்சம் குத்தலாம். 2007இல் இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் 286 பெனால்டி உதைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். உதைகளில் நூற்றுக்கு 29 அளவில் கோலின் நடுப்பகுதிக்கு வந்தன, ஆனால் கோல்காப்பாளர் நடுவில் அசையாமல் நின்றது நூற்றுக்கு 6 தடவைதான். மற்ற நேரமெல்லாம் ஏதோ ஒரு பக்கம் பாய்ந்தார்கள். பாய்ந்தும் கோல் விழுந்தால் "பாவம், முயற்சி செய்தான்", நின்று கோல் விழுந்தால் "மரம் மாதிரி நிற்கிறான்". அந்தப் பேச்சுக்குப் பயந்து பாய்கிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம். இப்போது 62ஆவது நிமிடத்தை நினைத்துப் பார். 1–1 ஆனதிலிருந்து வேப்பமரத்தடியிலிருந்து என்ன சத்தம் வந்தது? "ஏதாவது செய்யும் ஐயா!" "ஆளை முன்னுக்கு அனுப்பும்!" "என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறீர்?" காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் வடிவாகக் கேட்டது. ஸ்டொப்பரை அனுப்பச் சொல்லி எல்லாரிலும் பெரிதாகக் கத்தினவர்தான் இப்போது பொதுக்கூட்டத்துக்குக் கையெழுத்துச் சேர்க்கிறார். பெயர் சொல்லமாட்டேன். முதலாவது கோல் விழுந்தபோது அவர் ஐஸ்பழக்காரனுக்குக் காசு கொடுத்துக்கொண்டு நின்றார், திரும்பி "என்ன நடந்தது, என்ன நடந்தது" என்று கேட்டார், அதையும் பார்த்தேன்.

கோச் கேட்டிருக்கக்கூடாது என்று சொல்லலாம். சொல்கிறது லேசு. அந்த மனிதர் ஏ35 வீதியால் கிழமைக்கு மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் வந்து போகிறார், பெற்றோல் காசைத் தவிர ஒன்றும் எடுப்பதில்லை, அதுவும் சில மாதம் கழகம் கொடுப்பதில்லை. அவரை அனுப்பினால் யார் வரப்போகிறார்கள் என்று கையெழுத்துச் சேர்க்கிறவர்கள் சொல்லட்டும். நான் வரமாட்டேன், என் முழங்கால் முடிந்த கதை.

ஆகவே பொதுக்கூட்டத்தில் என் கை அவரை வைத்திருக்கிற பக்கம்தான் தூக்கும். ஆனால் சும்மா தூக்காது, இரண்டு கேள்வி கேட்பேன். பின்னுக்கு நிற்கிறபோது ஒன்று, முன்னுக்கு நிற்கிறபோது ஒன்று என்று இரண்டு மாற்று ஒழுங்கை இந்த மாதத்துக்குள் பயிற்சியில் ஓடவிட்டுக் காட்டுவாரா, யார் போனால் யார் எந்த இடத்துக்கு என்று? அடுத்தது கழகத்துக்கு: வாங்கில் அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆளை இருத்துவார்களா? பெரிய வேலை இல்லை. ஒரு கொப்பித் தாளில் கோர்னருக்கு யார் எங்கே என்று எழுதி வைத்துக்கொண்டு, உள்ளே போகிறவனின் தோளைப் பிடித்து "நீ இந்தக் கம்பம்" என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஒருவரும் இல்லையென்றால் நான் வந்து இருக்கிறேன், கதிரை ஒன்று போட்டுத் தந்தால் போதும்.

அப்புறம், 48ஆவது நிமிடத்தில் உள்ளே இறங்கின பெடியன் இந்தக் கிழமை பயிற்சிக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் வந்ததால்தான் கோல் விழுந்தது என்று கடையில் யாரோ அவன் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். நீயும் அவனும் ஒரே வகுப்புத்தானே, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒருக்கால் போய்க் கூட்டிவா. மாட்சைப் பற்றி ஒன்றும் கதைக்க வேண்டாம்.